பதிலைச் சேர்த்துக் கேட்காதவர்

இதில் அவர் பெயர் வராது. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க டாக்டர். எம்பேரு வேணாம். அது உங்க கதை" என்றார். ஊரில் இருந்த அத்தனை பேரிடமும் தினமும் பெயர் கேட்டவர், தன் பெயரைக் கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் நாங்கள் எல்லோரும் அழைத்ததைப் போலவே சிஸ்டர் என்று எழுதுகிறேன்.

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் நான் டாக்டராக இருந்தேன். பன்னிரண்டு கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு ஊசி போடும் அறை. சிஸ்டர் அங்கே பதினோரு வருடம் நர்ஸாக இருந்தார். குள்ளமான உருவம். வெள்ளைப் புடவைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், முழங்கை இரண்டிலும் வேறு நிற நூலில் ஒட்டுப் போட்டிருக்கும். ஊசி போடும் அறையின் ஜன்னல் ஃபாக்டரியைப் பார்த்து இருந்தது. பனி இறங்கிவிட்டால் உள்ளே பல்பு வெளிச்சம் போதாது. அவர் மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். கண்ணுக்கு நேரே பிடித்து, அதில் அச்சடித்திருப்பதை உதடு அசைத்துப் படிப்பார். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, போட்டு முடித்த பிறகு காலிக் குப்பியை ஒரு தடவை. அந்தக் காலிக் குப்பியையும் உடனே எறிய மாட்டார். ஊசி போட்டுக்கொண்ட ஆள் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போகும்வரை அது தட்டில் இருக்கும்.

"போட்டாச்சே சிஸ்டர், இனிமே படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தப்பா இருந்தா, ஆளு இங்க இருக்கும்போதே தெரியட்டும் டாக்டர்."

ஆனால் அவரைப் பற்றி எஸ்டேட்டில் பேசிச் சிரித்தது குப்பிக்காக அல்ல, கேள்விக்காக. யாராக இருந்தாலும், எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும், மாத்திரையோ ஊசியோ கொடுப்பதற்கு முன், "உங்க பேரு என்னா, சொல்லுங்க" என்பார். அடுத்து அப்பா பெயர். (வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பெண்கள் நாணிக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வார்கள். அதனால் அப்பா பெயர்.) அதற்குப் பிறகு எந்த லைன், அதாவது தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டு வரிசை. அந்த எஸ்டேட்டில் ஐந்து செல்விகள் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அடுத்தடுத்த வீடு.

"ஏன் சிஸ்டரு, நேத்துதான பேரு சொன்னேன்? விடியறதுக்குள்ள மாத்திக்கிட்டேன்னு நெனச்சீங்களா?" என்பாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு செல்வி.

"மாத்தியிருந்தா அதையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் என் அறையிலிருந்து குரல் கொடுப்பேன். "நட்சத்திரமும் கேட்டுக்கங்க சிஸ்டர், ஒரு அர்ச்சனையும் பண்ணிடலாம்!"

அவர் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். "அர்ச்சனையில பேரு மாறினா சாமி கோச்சுக்காது டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார்.

நன்றாகக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். "நீங்கதானே செல்வி?" என்று அவர் கேட்டதே இல்லை. "சோறு சாப்பிட்டுட்டுதானே வந்தீங்க?" என்று கேட்டதில்லை. "காய்ச்சல் விட்டுடுச்சில்ல?" என்று கேட்டதில்லை. பதிலைச் சேர்த்து வைத்துக் கேட்கும் கேள்வி எதுவும் அவர் வாயிலிருந்து வராது. "என்னா சாப்பிட்டீங்க?" "எப்ப சாப்பிட்டீங்க?" "உடம்பு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

எஸ்டேட்டில் இதற்கு ஓர் அவசியம் இருந்தது. அது எனக்குப் புரியாமல் இல்லை, புரிந்துகொள்ள விருப்பம் இல்லை. தோட்டத்து ஜனங்கள் டாக்டர் முன்னால் வந்து நின்றால், தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள். நாம் என்ன கேட்டாலும் "ஆமாங்க ஐயா" என்பார்கள். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்வதில்லை. பெரியவர் ஒருவர் ஒன்றைக் கேட்கும்போது "இல்லை" என்று முகத்துக்கு எதிரே சொல்வது மரியாதை அல்ல என்று மூன்று தலைமுறையாகப் பழகிய நாக்கு அது. எனக்கு அந்த "ஆமாங்க" பிடித்திருந்தது. நாற்பது பேரை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்க அது உதவியது. நான் நல்ல டாக்டர் என்று எனக்கே அது சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கம்மா என்று ஒரு மூதாட்டி. சர்க்கரை நோய். மூன்று மாதமாக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறேன், சர்க்கரை இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பேன்: "மாத்திரை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சரியா சாப்பிடுறியில்ல?"

"ஆமாங்க ஐயா."

நான் இன்னும் கூட்டி எழுதினேன். சீட்டு சிஸ்டரிடம் போனது. பத்து நிமிடம் கழித்து அங்கம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பி வந்தார்.

"அங்கம்மா, வீட்ல மாத்திரைய எப்படிச் சாப்பிடுறீங்க? டாக்டர் முன்னாடி செஞ்சு காட்டுங்க."

கிழவி சுருக்குப் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தாள். ஒரு மாத்திரையைக் கடைவாயில் வைத்துக் கடிப்பதுபோல் பாவனை செய்தாள். "பாதி எனக்குங்க, பாதி அவருக்குங்க."

"எவருக்கு?" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்க. அவருக்கும் இதே சீக்குதானுங்களே. அவரு மலையேறி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாருங்க."

நான் எழுதியிருந்த புதிய அளவை, பங்கு போடாமல் அவள் ஒரு நாள் முழுதாகச் சாப்பிட்டிருந்தால், கொழுந்து பறிக்கும் சரிவிலேயே மயங்கி விழுந்திருப்பாள். சிஸ்டர் அதைச் சொல்லவில்லை. சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் அளவை அடித்து எழுதிக் கொடுத்தேன். நன்றி சொன்னேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருந்தது எரிச்சல்தான். என் கையெழுத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். "டாக்டர், இது என்னா நம்பர்?" "ஒண்ணு." "எனக்கு ஏழு மாதிரியும் தெரியுது. எழுதிக் குடுங்க." வாயால் சொன்னதை அவர் ஏற்க மாட்டார். நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒன்று என்று பள்ளிப் பிள்ளையைப் போல எழுதிக் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் படித்து, சென்னையில் மேல்படிப்புப் படித்த என்னை, லயத்து வீட்டில் பிறந்த ஒரு பெண் எழுத வைக்கிறாள். இந்த வாக்கியம் அப்போது என் மனதில் இப்படியேதான் ஓடியது. ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆடி மாதத்து மழை நாள் ஒன்றில், ஆள் வராமல் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "எதுக்கு சிஸ்டர் எல்லாரையும் இப்படிக் குறுக்கு விசாரணை பண்றீங்க?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் உண்மையான பதில் சொன்னார்.

சிலோனிலிருந்து அவர்கள் குடும்பம் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா முன்னால் ஒரு கட்டுக் காகிதம். தலையை நிமிர்த்தாமல், "பழனியாண்டியா?" என்று கேட்டார்.

"எங்க அப்பா பேரு கருப்பையா டாக்டர். ஆனா தொரை மாதிரி உடுப்புப் போட்டவரு கேட்டுட்டாரு. அப்பா கைகட்டி 'ஆமாங்க'ன்னுட்டாரு. அவரு எழுதிட்டாரு. அன்னையிலிருந்து எங்க காகிதத்துல எல்லாம் பழனியாண்டிதான். என் சர்டிபிகேட்ல அப்பா பேரு பழனியாண்டி. நெசமான பழனியாண்டி குடும்பம் எங்க போய் நின்னுச்சு, என்னா ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

சற்று நேரம் மழையைப் பார்த்தார். "அந்தக் குமாஸ்தா கெட்டவரு இல்ல. 'உம்பேரு என்னா'ன்னு கேட்டிருந்தா அப்பா சொல்லியிருப்பாரு."

இதைக் கேட்ட பிறகாவது நான் மாறியிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்த நாள் வந்தது.

மருதமுத்து என்று ஒரு கவாத்துக்காரன். முப்பத்திரண்டு வயது. கவாத்து என்பது தேயிலைச் செடியை இடுப்புயரத்துக்கு வெட்டி விடும் வேலை, ஆண்கள்தான் செய்வார்கள். கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தது. இரண்டு நாள் மஞ்சள் பூசி வீட்டிலேயே இருந்துவிட்டு, கால் வீங்கிச் சிவந்த பிறகு நொண்டிக்கொண்டு வந்தான். பென்சிலின் போட வேண்டிய காயம். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிடத்தில் உயிரையே எடுத்துவிடும். அதனால் முதலில் தோலுக்கடியில் ஒரு துளி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டோஸ் என்போம். அது எங்கள் ஆஸ்பத்திரியில் சட்டம்.

மாலை மூன்று மணி. ஊட்டியில் அன்று என் நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. எஸ்டேட் ஜீப் என்னைக் குன்னூரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் கால் மணி போனால் வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் போகும். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊசி அறைக்குள் நுழைந்தேன்.

சிஸ்டர் ஒரு கையில் சிரிஞ்சுடன், பென்சிலின் குப்பியை ஜன்னலில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு பக்கம் உடைக்காத அட்ரினலின் கண்ணாடி ஆம்பூல் ஒன்றும் புதிய சிரிஞ்சு ஒன்றும். பென்சிலினைக் கையில் எடுப்பதற்கு முன் அதை எடுத்து வைப்பது அவர் வழக்கம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆளைத் திருப்பிக் கொண்டுவர இருக்கிற ஒரே மருந்து அது.

"டெஸ்ட் போடப் போறேன் டாக்டர். அரை மணி நேரம் நீங்க இருக்கணும்."

வெளியே ஹாரன். நான் மருதமுத்துவைப் பார்த்துக் கேட்டேன்: "இந்த ஊசி முன்னாடியே போட்டிருக்கயில்ல? ஒண்ணும் ஆகலயில்ல?"

அவன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான், மரியாதைக்காக. "ஆமாங்க ஐயா."

"கேட்டீங்களா? டெஸ்ட் வேண்டாம். போட்டுடுங்க."

சிஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "மருதமுத்து, முன்னாடி எப்ப ஊசி போட்டீங்க? எந்த ஆஸ்பத்திரியில?"

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். யாரை மீறுவது என்று தெரியாத பார்வை. "ஐயா சொன்னா சரிதானுங்க சிஸ்டர்."

"அவருக்குத் தெரியல டாக்டர். நான் போட மாட்டேன்."

"நான் சொல்றேன்."

"எழுதிக் குடுங்க."

ஹாரன் நீளமாக அடித்தது. நான் அவர் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கினேன். பிடுங்கினேன் என்று எழுதுவதுதான் சரி. மருந்தை ஏற்றி, நானே போட்டேன். மருதமுத்து, "வலிக்கவே இல்லீங்க ஐயா" என்றான்.

நான் வாசற்படி இறங்கி ஜீப்பில் ஒரு காலை வைத்தபோது சிஸ்டர் குரல் கேட்டது. ஓடி வரவில்லை. ஜன்னலிலிருந்து, "டாக்டர், வாங்க" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே போனபோது அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். "நாக்கு தடிக்குதுங்க ஐயா" என்றான், ஏதோ தான் செய்த தவறுபோல. உதடு வீங்கிக்கொண்டே வந்தது. மூச்சு விசிலடித்தது. பிறகு முகம் வெளுத்து, கண் மேலே போய், கட்டிலில் சரிந்தான். நாடியைத் தேடினேன். என் விரல்தான் துடித்தது.

சிஸ்டர் அவன் கால்களைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு ஆம்பூலை எடுத்தார். "எவ்வளவு டாக்டர்? சொல்லுங்க."

நான் இன்னும் நாடியையே தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியும் எவ்வளவு என்று. ஆனாலும் கேட்டார். "டாக்டர். எவ்வளவு?"

"அரை. அரை மில்லி. தொடையில. சீக்கிரம்!"

அவர் ஆம்பூலைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினார். "அட்ரினலின். ஆயிரத்துக்கு ஒண்ணு. அரை மில்லி, தொடையில" என்று வாய்விட்டுப் படித்தார். இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியும் நான் அவரை வெறுத்தேன். அந்த அறையில் கை நடுங்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதற்காக வெறுத்தேன்.

மார்பை அழுத்தினோம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அட்ரினலின். அப்போதும் படித்தார். நாலைந்து நிமிடம் அவனுக்கு நாடியே இல்லை. பிறகு வந்தது, நூல் மாதிரி. எனக்காக ஹாரன் அடித்த அதே ஜீப்பில் அவனைக் குன்னூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்னால் சிஸ்டர் தரையில் மண்டியிட்டு, ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். 

திரும்பி வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சிஸ்டர் மருதமுத்துவோடு குன்னூரிலேயே தங்கிவிட்டார். ஊசி அறையில் யாரும் இல்லை. அவன் சீட்டை எடுத்தேன். காயத்தைப் பற்றி நான் எழுதியிருந்த வரிக்கும் பென்சிலின் என்று எழுதியிருந்த வரிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே, "டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்க்கவும். மணி மூன்று" என்று நெருக்கி எழுதினேன். தெளிவாக எழுதினேன். அந்தச் சீட்டில் அவர் திருப்பிக்கொண்டு வந்து கேட்க வேண்டியிராத ஒரே வரி அதுதான்.

நான்காம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. ஃபாக்டரியிலிருந்து வறுபடும் தேயிலை வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மருதமுத்துவின் மனைவி பாக்கியத்தை முதலில் கூப்பிட்டார்கள்.

"டாக்டர் மேல உனக்கு எந்தக் குறையும் இல்லையேம்மா?"

"இல்லீங்க தொரை. ஐயாதானுங்க உசுரக் காப்பாத்துனாரு."

அவள் போன பிறகு மேனேஜர் சிஸ்டரிடம் திரும்பினார். மென்மையான மனிதர், மென்மையாகத்தான் கேட்டார். "சிஸ்டர், டாக்டர் டெஸ்ட் போடச் சொல்லித் தெளிவா எழுதியிருக்கார். அன்னிக்கு இருந்த அவசரத்துல உங்களுக்கு விட்டுப்போச்சு. அப்படித்தானே? சொல்லிட்டீங்கன்னா இதோட முடிச்சிக்கலாம்."

"இதுக்கு 'ஆமாங்க'ன்னு சொல்றது சுலபம் சார்" என்றார் சிஸ்டர். "கேள்விய மாத்திக் கேளுங்க. அன்னைக்கு என்னா நடந்துச்சுன்னு கேளுங்க. என்னைக் கேக்க வேணாம், டாக்டரைக் கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அவர் அப்படிக் கேட்கவில்லை.

"டாக்டர், சீட்டுல எழுதியிருக்கிறதுதானே நடந்தது?"

"ஆமாம்" என்றேன்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், சிரிஞ்சைப் பிடுங்கிய கையை. அந்த மாத முடிவில் அவர் சொந்தக் காரணத்துக்காக விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "சொந்தக் காரணம் எனக்கு ஒண்ணும் இல்ல" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும் நாளில் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை இது: "அட்ரினலின் மூணுதான் இருக்கு டாக்டர். தீர்றதுக்குள்ள வாங்கி வச்சிடுங்க."

அவர் போன பிறகு அலமாரியின் மூலையில் பஞ்சுத் துணியில் சுற்றி ஒரு பொருள் இருந்தது. அந்தப் பென்சிலின் காலிக் குப்பி. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில், "மருதமுத்து. இன்னும் வீட்டுக்குப் போகல" என்று எழுதியிருந்தார். நான் அதை எறிந்துவிட்டேன்.

மருதமுத்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நடந்தான், பேசினான், மனைவி மக்களை அடையாளம் தெரிந்தது. ஆனால் மூளைக்கு ரத்தம் போகாத அந்த நாலைந்து நிமிடத்தால், எதையாவது பிடிக்கப் போனால் கை உதறும். டீ டம்ளரைப் பாக்கியம்தான் வாயில் வைப்பாள். கவாத்துக் கத்தியை அவன் அப்புறம் தொடவே இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், உதறும் கைகள் இரண்டையும் சேர்க்கப் பார்த்துக் கும்பிடுவான். "ஐயா போட்ட உசுருங்க இது" என்பான். நான் ஓய்வு பெறும்வரை, ஏழு வருடம், அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

போன தை மாதம் மருதமுத்து இறந்துவிட்டான். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெஞ்சுச் சளி. குன்னூரில் இருக்கும் என் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். போனேன். பாக்கியம் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, சுற்றி இருந்தவர்களிடம், "இவருதான் அன்னைக்குக் காப்பாத்துன டாக்டரு" என்றாள். யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அத்தனை பேர் நிற்க, நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு எமரால்டுக்குப் பஸ் ஏறினேன். சிஸ்டர் அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். வீட்டைச் சுற்றிக் கேரட் தோட்டம். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஸ்வெட்டர் வேறு, ஆனால் இதிலும் முழங்கையில் ஒட்டு. என்னை உட்கார வைத்தார். டீ கொடுத்தார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள்தானே என்று கேட்கவில்லை, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார்.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன வாக்கியத்தைச் சொன்னேன். "சிஸ்டர், என்மேல உங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லையே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படிக் கேட்டா எல்லாரும் 'இல்லீங்க'ன்னுதான் சொல்லுவாங்க டாக்டர்."

 தோட்டத்தில் யாரோ தண்ணீர்க் குழாயை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபத்து மூன்று வயதில் ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நடந்ததைப் பத்தி உங்க மனசுல என்ன இருக்கு?"

"ஒரு விஷயம் இருக்கு" என்றார் உடனே, யாராவது கேட்க வேண்டும் என்று இருபது வருடமாகக் காத்திருந்தவரைப்போல. "நீங்க சிரிஞ்சைப் புடுங்கினப்ப நான் விட்டுட்டேன். போட மாட்டேன்னு சொன்னேன், எழுதிக் குடுங்கன்னு சொன்னேன். கையை இறுக்கிப் புடிச்சுக்கல. குப்பியத் தரையில போட்டு ஒடச்சிருக்கலாம். பெரிய டாக்டருன்னு ஒரு நிமிஷம் நானும் 'ஆமாங்க'ன்னுட்டேன். வாயால சொல்லல, கையால சொன்னேன். அது என் பங்கு. அதை நான் பாத்துக்கறேன்."

"என் பங்கு?"

"அதை எங்கிட்ட ஏன் கொண்டு வர்றீங்க? எனக்கு நடந்தது தெரியும். தெரியாதவங்க அங்க லயத்துல இருக்காங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். எழுதலாமா என்று அப்போதுதான் கேட்டேன். இதன் தொடக்கத்தில் நான் எழுதியிருக்கும் பதிலைச் சொன்னார். பிறகு, "முதல்ல அங்க போயிட்டு வந்து எழுதுங்க" என்றார்.

மறுநாள் காலை எஸ்டேட்டுக்குப் போனேன். லைன் வீட்டு வாசலில் மருதமுத்துவின் கம்பளிச் சட்டை துவைத்துக் காயப் போட்டிருந்தது. பாக்கியம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தைக் காட்டி, தானாகவே பேச்சை எடுத்தாள்.

"ஐயாதானுங்களே இருபது வருசம் அவர எங்ககூட இருக்க வச்சீங்க?"

ஆயிரக்கணக்கான பேரிடம் நான் கேட்ட கேள்விகளைப் போலவே இருந்தது அது. பதிலும் உள்ளேயே இருந்தது. தலையை அசைத்தால் போதும்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

அவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதைக்குப் பார்க்கும் பார்வை இல்லை அது.

"அப்ப அன்னைக்கு என்னங்க நடந்துச்சு?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. "வாசல்ல ஜீப் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். அவள் காத்திருந்தாள். நான் அதை நிறுத்திவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன்.

"ஊசியை நான்தான் போட்டேன்."